அவசரத்துக்கு ஒரு நம்பர்

முனிகிருஷ்ணன் கொடுத்த தாள்
ஏதோ கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சியது;
மூலையில் பாதிப் பிள்ளையார் இருக்கிறார்.
மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி,
திருவனந்தபுரம், குருவாயூர், மைசூர் சுற்றி
ஒன்பதாம் நாள் திரும்பக் கிருஷ்ணகிரி.
பழையபேட்டையில் வண்டி மூன்றரைக்கு.
மூன்றரை என்றால் மூன்றரை,
அடிக்கோடு இரண்டு.

மாங்கூழ் ஆலையில் சீசன் முடிந்து பன்னிரண்டு நாள்.
நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.
ஆதார் நகல் இரண்டு எடுத்து வைத்தேன்.
படத்தில் இருப்பவள் நான்தானா என்று
யாராவது கைரேகை கேட்டால் வம்பு:
தோத்தாபுரிப் பால் தின்ற விரலை
ரேஷன் கடை மெஷினே மூன்று தரம் தள்ளிவிட்டது.

புடவை ஆறு போதும் என்கிறது தாள்.
ஐந்துதான் வைத்தேன்.
வேலைக்குக் கட்டுவது போக இருக்கிறதே அவ்வளவு.

ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிய ஈரத்தோடு
சாமியிடம் போகக் கூடாதாம்.
மாற்றுத் துணி தனியாக, நனைந்தது தனியாக.
நனைந்ததற்கு என்னிடம் இருக்கிறது
கூழ் அடைக்கிற வெள்ளிப் பை,
வாய் சரியில்லை என்று கழித்துப் போட்டது.
தைத்துக்கொண்டேன். சொட்டு ஒழுகாது.
துபாய் போக வேண்டிய பை
என்னோடு கடல் பார்க்க வரட்டும்.

வாந்தி மாத்திரை பத்து,
கொக்கி போன பர்சில் சில்லறை நாணயம்
(செருப்பு வைக்க, கழிப்பறைக்கு, யானைக்கு),
ஒரு கட்டு நிலக்கடலை உருண்டை.
சிலிண்டரைத் திருகினேன்.
பால்காரரிடம் சொல்லியாயிற்று.
பூனைக்குச் சொல்லத்தான் வழியில்லை,
அது கேட்டுக்கொண்டதும் இல்லை.

பிறகு கடைசி வரி.
அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்.

பர்கூர் அண்ணனுடையது மனப்பாடம்.
கிணற்றுப் பங்கு பிரித்த நாளோடு
என்னுடையதை அவன் அழித்துவிட்டதாகக் கேள்வி.
சூப்பர்வைசர் போன் மாங்காய் இருந்தால்தான் எடுக்கும்.
கேஸ் போடுகிற மாதேஷ் நல்ல பையன்,
அவசரம் என்றால் நாளைக்கு என்பான்.
என் நம்பரையே எழுதினேன்.
அப்புறம் சிரிப்பு வந்து அடித்தேன்.

காவேரிப்பட்டணத்தில் ஏறினாள் பைரம்மா,
இருபத்தி ரெண்டாம் சீட்,
ஜன்னல் எனக்கு வேண்டாம் நீயே உட்கார் என்று
பக்கத்தில் சாய்ந்தவள் தாளிலும்
அதே இடம் வெள்ளையாய்க் கிடந்தது.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
நானும்.

டார்ச் வெளிச்சத்தில் தாள் வாங்க வந்த முனிகிருஷ்ணன்
இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.
"என்னாக்கா இது, அவங்களுது உங்க நம்பரு,
உங்களுது அவங்க நம்பரு?
ரெண்டு பேரும் ஒரே வண்டிதானே.
வண்டிக்கே ஒண்ணு ஆச்சுன்னா?"
"அப்போ உன் நம்பரை யார் எடுப்பாங்க, அதைச் சொல்லு"
என்றாள் பைரம்மா.
அவர் டார்ச்சை அணைத்துவிட்டு முன்னால் போனார்.

தர்மபுரி தாண்டும்வரை
அவள் போனில் என்னை ஏற்றினேன்,
என் போனில் அவளை.
பெயர் முழுதாய் அடிக்கத் தெரியவில்லை.
அவசரம் என்று போட்டேன், அது தானாக வந்தது.

தொப்பூர் இறக்கம்.
லாரிகளின் பின்விளக்கு வளைந்து வளைந்து கீழே போகிறது.
எல்லாரும் தூக்கம், டிரைவர் தவிர என்று நம்புகிறேன்.
மடியில் போன் அதிர்கிறது.
அவசரம் அழைக்கிறது.

எடுத்தேன்.
"ஒண்ணுமில்ல, வேலை செய்யுதான்னு பாத்தேன்"
என்று ஒரு காதிலும்
பக்கத்திலிருந்து மறு காதிலும் கேட்டது.
கொஞ்சம் பொறுத்து,
"வாந்தி மாத்திரை வெச்சிருக்கியா?"

வைத்திருக்கிறேன்.
வெள்ளிப் பைக்குள்,
ஐந்து புடவைக்கும் அடியில்,
வண்டிக் கூரைமேல்.